கார்ட்ரிட்ஜ் மாற்றுப் படலம்

டர்ன்டேபிள் எனப்படும் இசைத்தட்டுச் சுழலியில் தட்டின் பள்ளத்தை நேரடியாகத் தொடுகின்ற உறுப்பு ஒன்றே ஒன்றுதான். நுனியில் வைரத் துணுக்கு ஒன்றையும் உள்ளே காந்தத்தையும் கம்பிச் சுருள்களையும் கொண்டு, பெரும்பாலும் ஐந்து முதல் பத்து கிராம் வரையே எடையுள்ளதாக, ஒலிக்கரத்தின் முனையில் இரண்டு திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும் அவ்வுறுப்பு கார்ட்ரிட்ஜ் என்று வழங்கப்படுகிறது. இதைக் கழற்றிவிட்டு இதனினும் உயர்ந்த ஒன்றைப் பொருத்தவேண்டும் என்னும் எண்ணம் டர்ன்டேபிள் உடையவரின் உள்ளத்தில் எப்போது முளைக்கிறது என்பது தனியே ஆராயத்தக்கது. கருவி கெட்டிருக்கும்போது அது முளைப்பதில்லை. கெட்ட கருவியை அவர் பழுதுபார்க்கக் கொடுக்கிறார், அல்லது பரணில் ஏற்றிவிட்டு மறந்துவிடுகிறார். கருவி நன்றாகப் பாடிக்கொண்டிருக்கையில், குறை என்று சுட்ட ஒன்றுமே இல்லாத ஓர் ஓய்வான மாலையில், இது இன்னும் நன்றாகப் பாடக்கூடுமோ என்னும் ஐயமாகவே அது முளைக்கிறது. முளைத்த அன்றிரவே அந்த ஐயம் குறையாக முதிர்ந்து, மறுநாள் காலையில் அவசரத் தேவையாகிவிடுகிறது.

இத்தகைய தேவைக்கு ஆளானவர் முதலில் மேற்கொள்வது ஆராய்ச்சியாகும். ஆராய்ச்சி எப்போதும் அறிவியலில் தொடங்கி வேறெங்கோ முடிவது இத்துறையின் மரபு என்பதால், அந்த அறிவியலை இங்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது முறை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பவை பல பள்ளங்கள் அல்ல. விளிம்பில் தொடங்கி நடுவே முடியும் ஒரே சுருள் பள்ளமே. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்னும் கணக்கில், இருபது நிமிடம் ஓடும் பக்கத்தில் தட்டு 660க்கும் மேற்பட்ட சுற்றுகள் சுற்றுவதால், அப்பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் அதன் நீளம் நானூறு மீட்டரைத் தாண்டும். பள்ளத்தின் இரு சுவர்களும் தட்டின் மேற்பரப்புக்கு 45 பாகைச் சாய்வில் அமைந்து, இடப்பக்க ஒலியை ஒன்றும் வலப்பக்க ஒலியை மற்றொன்றுமாகத் தாங்கி நிற்கின்றன. இவ்வமைப்பை ஆங்கிலப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931ஆம் ஆண்டின் காப்புரிமை விண்ணப்பத்திலேயே விவரித்துவிட்டபோதிலும், ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வர உலகம் 1950களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சுவர்களின் நெளிவுகளைத் தடவிக்கொண்டு வைர முள் செல்கையில், அதைத் தாங்கும் மெல்லிய தண்டு அசைய, தண்டின் மறுமுனையில் காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையே உண்டாகும் சார்பசைவால் மின்னழுத்தம் பிறக்கிறது. பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே. அதுவும் உள்ளபடியான இசையாக இருப்பதில்லை; பள்ளம் இடத்தை விழுங்கிவிடாமலிருக்கத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும், தட்டின் இரைச்சலை அமுக்குவதற்காக உயர்ந்த ஒலிகளைக் கூட்டியுமே தட்டு வெட்டப்படுகிறது. 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவு என்னும் பொது அளவையின்படி இந்தக் குறைத்தலையும் கூட்டலையும் தலைகீழாக்கி, அச்சிறு மின்னழுத்தத்தை வளர்த்துக் கொடுப்பது போனோ முன்பெருக்கி என்னும் மற்றொரு கருவியின் வேலை. அந்தக் கருவியும் பின்னர் மாற்றப்படும் என்பதை ஆராய்ச்சியின் இந்தக் கட்டத்தில் யாரும் வீட்டாரிடம் சொல்வதில்லை.

மேற்சொன்ன சார்பசைவில் அசைவது எது, அசையாமல் நிற்பது எது என்னும் கேள்வியை முன்னிட்டுக் கார்ட்ரிட்ஜ் உலகம் இரண்டு சமயங்களாகப் பிரிந்து நிற்கிறது. காந்தம் அசைந்து சுருள் நிலையாக நின்றால் அது எம்எம் வகை. சுருள் அசைந்து காந்தம் நிலையாக நின்றால் அது எம்சி வகை. இரண்டும் நிற்க, சிறு இரும்புத் துண்டு மட்டும் அசையும் மூன்றாவது நெறி ஒன்றும் உண்டு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஜோசப் கிராடோ 1953இல் தொடங்கிய நிறுவனம் அந்நெறியை விடாமல் போற்றிவருகிறது என்றாலும், வாதம் சூடுபிடிக்கும் அவைகளில் மூன்றாம் தரப்பாரை யாரும் பேசவிடுவதில்லை. எம்எம் நெறியின் சிறப்புகள் எளிதில் விளங்குபவை. அது மூன்று முதல் ஆறு மில்லிவோல்ட் வரை தருவதால் சாதாரண முன்பெருக்கியே அதற்குப் போதும். முள் தேய்ந்தால் அதை விரலால் இழுத்தெடுத்துவிட்டுப் புதியதைச் செருகிக்கொள்ளலாம். விலையும் பெரும்பாலும் வெளியே சொல்லிக்கொள்ளும்படியாகவே இருக்கும். இத்தனை வசதிகள் உள்ள பொருள் உயர்ந்ததாக இருக்கவே முடியாது என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதம்.

எம்சி நெறியில் அசையும் சுருள் மிகச் சில சுற்றுகளே கொண்டு இலேசாக இருப்பதால், நுட்பமான நெளிவுகளுக்கும் முள் விரைந்து இணங்கும் என்பதும், சுருளின் மின்தூண்டல் குறைவாக இருப்பதால் இணைப்புக் கம்பியின் குணம் ஒலியை மாற்றாது என்பதும் மெய்யான நன்மைகளே. அவற்றுக்கு ஈடாக, கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே எம்எம் வகைக்குப் போதுமான பெருக்கத்தைக் காட்டிலும் மேலும் பத்து மடங்கு பெருக்கம் தேவைப்பட, அதற்கென்று புதிய முன்பெருக்கியோ, மின்னழுத்தத்தை ஏற்றித்தரும் சிறு மின்மாற்றியோ உடன் வாங்கியாக வேண்டியிருக்கிறது. அம்மின்மாற்றிகளில் சில கார்ட்ரிட்ஜைவிடப் பன்மடங்கு விலையுள்ளவை என்பதை அறிந்தவர்க்கு, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இத்துறையிலிருந்துதான் கிளம்பியிருக்கவேண்டும் என்று தோன்றும். இவையெல்லாம் போக, எம்சி வகையில் பெரும்பாலும் முள்ளை வீட்டிலேயே கழற்றி மாற்ற வழியில்லை. முள் தேய்ந்தாலும் ஒடிந்தாலும் முழுக் கார்ட்ரிட்ஜையும் அனுப்பி, மீண்டும் ஒரு பெருந்தொகை கொடுத்தே வேறு முள் ஒட்டியதையோ வேறொரு கார்ட்ரிட்ஜையோ பெறவேண்டும். தூசி தட்டும் துணியுடன் அறைக்குள் நுழையும் எவரையும் எம்சி உடையவர் பார்க்கும் பார்வையின் பொருள் இதுவே.

எம்சி வகையின் புகழ்பெற்ற சான்றாகிய டெனான் டிஎல்-103 இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயுடன் இணைந்து, வானொலி நிலையத்தில் நாள் முழுதும் பலர் கைபட்டாலும் தாங்கவேண்டும் என்பதையே முதல் நோக்காகக் கொண்டு வடிக்கப்பட்ட இது, உருண்டை நுனியுள்ள முள்ளும், 0.3 மில்லிவோல்ட் ஈட்டமும், 2.5 கிராம் என்னும் கனத்த அழுத்தமுமாக, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏறத்தாழ மாறாமல் விற்பனையாகி வருகிறது. அன்றைய வானொலி ஊழியர் அவசரத்தில் எப்படி வேண்டுமானாலும் கையாளட்டும் என்று செய்யப்பட்ட பொருளை, இன்று வாங்குவோர் மூச்சடக்கித் தொடுகின்றனர். அதோடு நில்லாமல், அதன் பிளாஸ்டிக் உடலைக் கழற்றியெறிந்து, மரத்திலோ அலுமினியத்திலோ கடைந்த வேறு உடலுக்குள் அதைக் குடியேற்றி, முள்ளையும் தண்டையும் வெட்டியெடுத்து வேறு தண்டு ஒட்டச்செய்து, கடைசியில் முதற்பொருளின் காந்தமும் சுருளும் மட்டுமே எஞ்சிய நிலையில், டிஎல்-103ஐப் போல ஒரு கார்ட்ரிட்ஜ் உலகில் வேறில்லை என்று சாதிப்பவர்களும் உளர். அவர்கள் சொல்வது ஒருவகையில் உண்மைதான். அதைப் போன்ற வேறொன்று உலகில் இல்லை.

எம்எம் தரப்பார் இதற்கு விடையாக அமெரிக்க ஷூர் நிறுவனத்தின் வி15 வரிசையைக் காட்டுவர். 1964இல் வெளிவந்து, ஒன்றரைக் கிராம் அளவிலும் அதற்குக் கீழும் பள்ளத்தை விடாமல் பற்றிச் செல்வதில் பெயர்பெற்ற அவ்வரிசை, அத்தரப்பின் நிலையான சான்றாகப் பல்லாண்டு நின்றது. ஆனால் ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலிலிருந்தே விலகிவிட்டபடியால், பிரிக்கப்படாத பழைய வி15 முள் வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டிவைத்திருக்கிறார்களேயன்றிப் பயன்படுத்துவதில்லை. சான்று காட்டவேண்டிய பொருளைத் தேய்த்துவிடக்கூடாதல்லவா?

இந்தச் சமயப் பூசல் முழுவதும் கேட்பதற்கு இனிதாயினும், இக்கட்டுரையின் துணிபு வேறு. காந்தம் அசைகிறதா சுருள் அசைகிறதா என்பதைவிட, பள்ளத்துக்குள் இறங்கும் வைரம் எந்த வடிவில் சீவப்பட்டிருக்கிறது என்பதே காதில் விழும் வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள்ளின் அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. விளிம்பில் அது நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டராக இருந்து, நடுவே நெருங்கும்போது 0.2 மீட்டராகக் குறைகிறது. ஆகவே 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒலி விளிம்பில் 50 மைக்ரான் நீளமுள்ள நெளிவாகப் பதிந்திருக்க, அதே ஒலி உட்புறத்தில் 20 மைக்ரான் அளவே உள்ள நெளிவாக நெருக்கப்படுகிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. உருண்டை நுனியுள்ள முள்ளின் ஆரம் பெரும்பாலும் 15 முதல் 18 மைக்ரான் வரை இருப்பதால், முப்பது மைக்ரானுக்குக் குறையாத பருமனுள்ள ஒன்று, இருபது மைக்ரான் நெளிவின் வளைவுகளுக்குள் புகுந்துவர முயன்று, புகமுடியாமல் மேலே வழுக்கிச் செல்கிறது. தட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் மட்டும் பாடகருக்குத் திடீரென்று பல் கூசுவதுபோல் ‘ச’கரங்கள் சீறுவதற்கு இதுவே காரணம், பாடகர் குற்றமற்றவர். மேலைச் செவ்வியல் இசைத்தட்டுகளிலோ, சிம்பொனியின் உச்ச முழக்கம் இயல்பாகவே முடிவில் வருவதால், முள்ளுக்கு மிகக் கடினமான இடத்தில் மிகக் கடினமான இசை வந்து அமைகிறது. பேத்தோவன் இதை எண்ணிப் பார்க்காதது பெருங்குறை என்று கருதும் கார்ட்ரிட்ஜ் அன்பர்கள் இருக்கக்கூடும்.

உருண்டையின் இப்பிழையைத் திருத்தவே நீள்வட்ட நுனி வந்தது. பள்ளத்தின் குறுக்கே 18 மைக்ரான் ஆரமும், சுவரைத் தொடும் பக்கவாட்டில் 8 மைக்ரான் ஆரமும் கொண்ட நீள்வட்ட முள், உட்சுற்றுகளில் உருண்டையைவிடத் தெளிவாகப் படிக்கிறது. அதற்கும் மேற்பட்ட நிலையில் நிற்பது ஷிபாட்டா முள். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம், கேட்பவரைச் சுற்றி நான்கு ஒலிபெருக்கிகள் வைத்துக் கேட்கும் சிடி-4 என்னும் முறையை உருவாக்கியபோது, முன்பக்க ஒலிக்கும் பின்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சுமந்துவரும் 30,000 ஹெர்ட்ஸ் அலையைப் பள்ளத்திலிருந்து படித்தெடுக்கும் முள் தேவைப்பட்டது. அதை வடித்துக் கொடுத்த நோரியோ ஷிபாட்டாவின் பெயர் முள்ளுக்கு நிலைத்தது. மனிதருக்குக் காது இரண்டே என்பதாலோ, வரவேற்பறைக்கு மூலை நான்கு இருந்தும் மூன்றில் ஏற்கெனவே நாற்காலிகள் கிடந்ததாலோ, நாலொலி முறை சில ஆண்டுகளில் மறைந்துவிட, முள் மட்டும் பிழைத்தது. சுவரை மெல்லிய நெடுங்கோடாகத் தொடும் இத்தகைய முட்கள், தட்டை வெட்டிய உளியின் வடிவை நெருங்குவதால், உளி எழுதியதை ஏறத்தாழ எழுதியபடியே வாசிக்கின்றன.

தமிழ்நாட்டில் பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்க்கு இந்நெடுங்கோட்டு முள் ஒரு தனிப் பயனையும் தனித் துன்பத்தையும் தருகிறது. எக்கோ, இன்ரெகோ போன்ற நிறுவனங்கள் வெளியிட்ட திரைப்பட இசைத்தட்டுகளில் இன்று பழைய பொருள் கடைகளில் கிடைப்பவை பல, கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மைக் செட்காரர்களின் கனத்த முள்ளின் கீழ் உழைத்துக் களைத்தவை. உருண்டை முள் உழுது தேய்த்த மட்டத்துக்கு மேலும் கீழும், எந்த முள்ளும் படாத சுவர்ப்பகுதி எஞ்சியிருக்குமானால், நெடுங்கோட்டு முள் அதைத் தொட்டு, நாற்பது ஆண்டுக்கு முந்தைய வயலின்களை அன்று வெட்டியபடியே எழுப்பிக் கொடுக்கும். எஞ்சியிராவிட்டால், எந்தக் கல்யாணத்தில் எந்த இடத்தில் முள் கை தவறி விழுந்தது என்பது வரையில் விவரமாகக் கேட்கும். பல்லாயிரம் ரூபாய் கொடுத்துத் தெளிவை வாங்கியவர், அத்தெளிவில் வெளிப்பட்ட கீறல்களைப் பார்த்துத் தட்டுகளைப் புதிதாக வாங்கத் தொடங்குவது இக்கட்டத்தில்தான்.

முள் எவ்வளவு கூர்மையோ, அதைப் பொருத்துவதும் அவ்வளவு கடினம். தட்டை வெட்டும் உளி ஆரத்தின் வழியே நேர்கோட்டில் நகர்கிறது. வீட்டிலுள்ள ஒலிக்கரமோ ஒரு மூலையில் ஊன்றப்பட்டு வில்லாக வளைந்து நகர்கிறது. ஆகவே தட்டின் ஒரு பக்கம் முழுவதிலும் முள் சரியான கோணத்தில் இருக்கும் இடங்கள் இரண்டே. பொதுவாக வழங்கும் கணக்கொன்றின்படி அவை மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர் தொலைவுகளில் அமைகின்றன. மற்ற இடங்களிலெல்லாம் முள் சற்றே கோணலாகத்தான் இருக்கிறது. இதில் எந்தக் கோணல் நல்ல கோணல் என்பதைப் பற்றி, 1938இல் லோஃப்கிரென் ஒரு தீர்வும், 1941இல் பேர்வால்ட் ஒரு தீர்வும், 1960களில் உட்சுற்றுக்கு முதன்மை தந்து ஸ்டீவன்சன் ஒரு தீர்வுமாகக் கணிதம் எழுதிவைத்துப் போக, பிற்காலத்தார் அவரவர்க்குரிய குருவின் அளவுத்தாளை அச்சிட்டுத் தட்டின்மேல் பரப்பிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் குனிகின்றனர். கார்ட்ரிட்ஜின் பின்புறத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என நான்கு மெல்லிய கம்பிகளைக் குறடால் செருகுவது இச்சடங்கின் அங்கம். அவற்றுள் ஒன்று அறுந்துவிடுவது அதன் முடிவு.

குனிந்தவர் நிமிர்வதற்குள் மேலும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. முள்தண்டைத் தாங்கும் ரப்பரின் நெகிழ்வும், கரத்தின் பயனுறு எடையும் சேர்ந்து ஓர் இயல்பதிர்வை உண்டாக்குகின்றன; அது 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை அமைவது நல்லது என்பர். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்தோடு கரம் சேர்ந்து துள்ளும். மேலே போனால் இசையின் அடிக்குரலோடு மோதும். மொத்த எடையை நெகிழ்வெண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுத்தால் விடை கிடைக்கும். 20 கிராம் மொத்த எடைக்கும் 20 நெகிழ்வெண்ணுக்கும் விடை ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். பள்ளிக்கூடத்தில் வர்க்கமூலத்தை வெறுத்தவர்கள்கூட இவ்விடத்தில் மகிழ்ச்சியோடு கணக்குப் போடுவதைக் காணலாம். ஐரோப்பிய நிறுவனங்கள் நெகிழ்வெண்ணை 10 ஹெர்ட்ஸில் அளந்து சொல்ல, ஜப்பானிய நிறுவனங்கள் பல 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்வதால், கணக்கில் இடும் எண்ணே ஊகமாகிவிடுகிறது என்பது பின்னரே தெரியவரும். ஆயினும் ஊகத்தின் வர்க்கமூலத்தை இரண்டு தசம இடம் வரை கண்டுபிடிப்பதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

முள் செங்குத்திலிருந்து சற்றே சாய்ந்து 92 பாகையில் நிற்கவேண்டும் என்னும் கொள்கையும் இத்துடன் சேர்ந்ததே. ஒன்பது அங்குலக் கரம் ஒன்றின் பின்புறத்தை ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் இக்கோணம் ஒரே ஒரு பாகை மாறும்; ஏடிஎம் அட்டை ஒன்றின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர் என்பதால், அதை அடியில் வைத்து எடுப்பதால் விளையும் மாற்றம் ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அவ்வட்டையை எடுத்ததும் வைத்ததும் இரவும் பகலுமாக வேறுபட்டுக் கேட்டது என்று எழுதுவோரின் செவிநுட்பத்தை இங்கு ஐயுறவேண்டியதில்லை. அதே அட்டையால் வாங்கிய கார்ட்ரிட்ஜ் அல்லவா?

ஒலியை வருணிக்கும் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். விமரிசகர்கள் ஒரு கார்ட்ரிட்ஜின் ஒலி வெதுவெதுப்பாக இருப்பதாகவும், மற்றொன்றில் காற்றோட்டம் மிகுந்திருப்பதாகவும் எழுதும்போது, படிப்பவர்க்கு அது வாடகை வீடு ஒன்றின் விளம்பரமோ என்னும் மயக்கம் ஏற்படுகிறது. எம்எம் வகையைப் பொறுத்தவரை இவ்வெதுவெதுப்பின் இருப்பிடம் பலவேளைகளில் கார்ட்ரிட்ஜே அன்று. அரை ஹென்றி மின்தூண்டலுள்ள சுருளோடு, இணைப்புக் கம்பியும் முன்பெருக்கியும் சேர்ந்து 250 பைக்கோஃபாரட் கொள்திறனைச் சேர்த்தால், அவ்விணைப்பு 14,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்ந்து, அதற்கு மேற்பட்ட ஒலிகளை வெட்டிவிடுகிறது. கம்பி நீண்டு கொள்திறன் 350 ஆனால், அவ்வெட்டு 12,000 ஹெர்ட்ஸுக்கே இறங்கிவருகிறது. எனவே கார்ட்ரிட்ஜை மாற்றி ஏமாந்தவர், கம்பியை மாற்றி மகிழ்ந்து, அம்மகிழ்ச்சிக்குப் புதிய கார்ட்ரிட்ஜையே புகழ்வது வழக்கமாக உள்ளது. பொருத்திய முதல் ஐம்பது மணிநேரம் கார்ட்ரிட்ஜ் பழகிக்கொள்ளும் காலம் என்பதும், அதுவரை தீர்ப்புச் சொல்லலாகாது என்பதும் மற்றொரு நம்பிக்கை. ரப்பர் ஓரளவு இளகுவது உண்மையே. ஆனால் அதைவிட விரைவாக இளகுவது கேட்பவரின் காது என்பதையும், விற்றவர் பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கெடு பெரும்பாலும் அந்த ஐம்பது மணிநேரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

இவையனைத்தையும் கற்றுத் தேர்ந்த பிறகு, கார்ட்ரிட்ஜை மாற்றுவதே பிழை என்று கூறும் பள்ளி ஒன்றும் எதிர்ப்படும். 1970களில் கிளாஸ்கோ நகரின் லின் நிறுவனத்தைச் சேர்ந்த ஐவர் டீஃபன்புருன், ஒலித்தொடரில் முதலில் நிற்பதே முதன்மையானது என்றும், முதலிடம் சுழலிக்கும் அடுத்த இடம் கரத்துக்கும் அதற்கடுத்த இடமே கார்ட்ரிட்ஜுக்கும் உரியவை என்றும் வாதிட்டு, ஒலிபெருக்கியே முதன்மை என்று நம்பியிருந்த ஒரு தலைமுறையைத் திகைக்கவைத்தார். அவர் கூற்றை ஏற்பவர், கார்ட்ரிட்ஜ் வாங்க ஒதுக்கிய பணத்தைச் சேமித்துவைத்து, முதலில் அதனினும் பன்மடங்கு விலையுள்ள டர்ன்டேபிளை வாங்கவேண்டும். இதைவிட மலிவான அறிவுரையை இக்கட்டுரை முன்வைக்க விரும்புகிறது: இருக்கும் முள்ளின் நுனியில் அப்பியிருக்கும் தூசியைப் பின்னிருந்து முன்னாகச் சிறு தூரிகையால் துடைத்து, அழுத்தத்தை ஒரு சிறு தராசில் அளந்து, கோணத்தை அளவுத்தாளில் ஒருமுறை சரிபார்த்தால், மாற்றவேண்டும் என்று தோன்றிய குறைகளில் பாதி மறைந்துவிடும். இவ்வறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் உண்டு. ஆனால் அதனால் வாங்காமல் விட்டவர் எவரும் இல்லை.

விலையைப் பற்றிய செய்தி சுருக்கமானது. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே உடலில் உருண்டை முதல் ஷிபாட்டா வரை ஆறு வகை முட்களை மாற்றி மாற்றிச் செருகலாம். அதன் கடைநிலை வகை, புதிய இசைத்தட்டு இரண்டின் விலைக்கு மேல் அதிகம் போகாது. மறுமுனையில், ஜப்பானிய கைவினைஞர் யோஷியாகி சுகானோ தோற்றுவித்த கோயெட்சு கார்ட்ரிட்ஜ்கள் ஈட்டி மரத்திலும் அரக்குப் பூச்சிலும் பச்சை மணிக்கல்லிலும் உடல் கொண்டு வந்தன. இன்றைய உச்சிநிலைக் கார்ட்ரிட்ஜ்களில் சில பத்தாயிரம் டாலரைத் தாண்டுகின்றன. வைரத்தின் ஆயுளோ எங்கும் ஏறத்தாழ 500 முதல் 1,000 மணிநேரமே. கிராமபோன் காலத்தில் சிறு தகரப்பெட்டியில் நூற்றுக்கணக்காக வந்த எஃகு முட்களை, ஒரு பக்கம் பாடியதும் ஒன்று என்று கழற்றி எறிந்துகொண்டிருந்த தாத்தாக்கள், எந்த முள் நல்லது என்று ஓரிரவேனும் உறக்கம் இழந்ததாகத் தெரியவில்லை.

இறுதியில் பெரும்பாலோர் வந்து சேரும் இடம் நடுவழிதான். 1918இல் டென்மார்க்கில் தோன்றிய ஆர்டோஃபான் நிறுவனத்தின் 2எம் வரிசையில் சிவப்பு, நீலம், வெண்கலம், கருப்பு என்று நான்கு படிகள் உள்ளன. இடைநிலை டர்ன்டேபிள்கள் பலவற்றில் ஆலையிலேயே பொருத்திவருவது சிவப்பு. சிவப்பின் முள் சிறு உலோகக் காம்பில் ஒட்டிய நீள்வட்ட வைரம். நீலத்தின் முள் முழுவதும் வைரமாகிய நீள்வட்டம். உடல் இரண்டுக்கும் பொது. ஆகவே சிவப்பு உடையவர் நீலத்தின் முள்ளை மட்டும் வாங்கிச் செருகினால், அளவுத்தாளும் குறடும் வர்க்கமூலமும் இன்றி ஒரு நிமிடத்தில் உயர்வு கிட்டிவிடுகிறது. முள் ஒன்று மாற்றினேன் என்று வீட்டாரிடம் சொல்வதும் முழு உண்மையாகவே இருக்கும். சிக்கல் கழற்றிவைத்த சிவப்பு முள்ளிடம் தொடங்குகிறது. அதில் இன்னும் சில நூறு மணிநேர ஆயுள் மிச்சமிருப்பதால் எறிய மனம் வராது. மைக் செட் கண்ட பழைய தட்டுகளுக்கு நீலத்தைத் தேய்ப்பானேன், சிவப்பையே வைத்துக்கொள்ளலாமே என்னும் சிக்கன எண்ணம் எழும். ஒவ்வொரு தட்டுக்கும் முள்ளை இழுத்துச் செருகுவது ஆபத்து என்பதால், சிவப்புக்கென்று தனி உடல் ஒன்று வாங்கப்படும். தனி உடலைத் தனிக் கரத்தில்தான் மாட்டமுடியும் என்பதால், தலையைக் கழற்றி மாட்டும் வசதியுள்ள கரத்தோடு பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 ஒன்று தேடப்படும். நல்ல நிலையில் ஒன்று கிடைக்கவும் செய்கிறது. விற்பவர் அதில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்துத்தான் கொடுப்பேன் என்கிறார், அது எம்சி.